முன்னால் நின்றவனுக்கு மட்டும் தெரிந்த சிவப்பு

எண்ணூரிலிருந்து தெற்கே நடந்துகொண்டிருந்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிய கட்டு இருந்தது. வலது கால் செருப்பைக் கையில் வைத்திருந்தேன். கால் ஒருநாள் ஆறத்தானே போகிறது. காலை வெயில் கடல் பக்கமிருந்து இடது கன்னத்திலேயே அடித்துக்கொண்டு வந்தது.

நான் விட்டுவந்தது ஓர் இரும்பு வார்க்கும் பட்டறை. உருக்கிய இரும்பை மண் அச்சில் ஊற்றுவார்கள். இறுகியதும் அச்சை உடைத்து, உருப்படிகளை இழுத்துத் தரையில் பரப்புவது என் வேலை. அந்த இரும்புக்கு ஒரு குணம் உண்டு. வெயிலில் கிடந்தால் கறுப்பாக, எப்போதோ ஆறிப்போனதுபோல இருக்கும். அதையே கூரைக்குள் இருட்டு மூலைக்குத் தள்ளினால் மங்கலாகச் சிவந்து காட்டும். முந்தின நாள் ஒரு உருப்படி வாசலுக்கு வெளியே வெயிலில் கிடந்தது. கறுப்புத்தானே என்று அதன்மேல் வெறுங்காலை வைத்துத் தாண்டினேன். மேஸ்திரி ஓடிவந்து முதலில் உருப்படியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். அதில் தப்பில்லை. உருப்படிக்கு யாரோ ஆர்டர் கொடுத்திருந்தார்கள். எனக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை. மஞ்சள் மருந்து கொடுத்து, காலையில் வந்துவிடு என்றார். மருந்தைத் தடவிக்கொண்டேன். போகவில்லை.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தையே ஏழாவது வகுப்பின் நடுவில், கணக்கு பீரியடில், தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நடந்தவன். அதற்குப் பிறகு உப்பளம், சாயப்பட்டறை, ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்குக் கயிறு இழுக்கும் வேலை என்று ஒவ்வொன்றாக விட்டு நடந்தாகிவிட்டது. எழுபதுகளின் தொடக்கம் அது. வடசென்னையில் சுவர் இருக்கும் இடமெல்லாம் உள்ளே ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு வாசலை விட்டால் இன்னொரு வாசல் என்ற நம்பிக்கையில் நடக்கலாம்.

திருவொற்றியூர் தாண்டி, காலடிப்பேட்டையில் ஒரு குழாயடியில் கட்டை நனைத்துக்கொண்டேன். தண்டையார்பேட்டை வந்தபோது சாலையோரப் பள்ளத்தில் ஒரு கைவண்டி சக்கரம் இறங்கி நின்றது. வண்டியில் சாக்குப் போட்டு மூடிய மரப்பெட்டிகள். பக்கத்தில் கட்டம் போட்ட கைலியும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு பாய், வண்டிக்காரன் வராததற்கு அவன் வம்சத்தையே விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“காலு இன்னா ஆச்சு தம்பி?”

“சுட்டுக்கிச்சு பாய்.”

“கை நல்லா கீதா?”

“கீது.”

“அப்ப தள்ளு.”

தள்ளினேன். ராயபுரம் வரைக்கும் தள்ளினால் மத்தியானச் சாப்பாடு என்று பேச்சு. சாமான் விற்றுவிட்டால் தன் சரக்குக் கொட்டகையில் வேலையும் போட்டுத் தருவதாகச் சொன்னார். போகிற வழியில் அவர் தொழிலைச் சொன்னார். மிலிட்டரிக்காரர்கள் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்து விற்பது. பூட்ஸ், தண்ணீர்க் குப்பி, கொசுவலை, திசை காட்டும் பெட்டி எல்லாம் வண்ணாரப்பேட்டையில் இருந்த அவர் கடையில் கிடைக்கும். சரக்கு வைக்கும் கொட்டகை தண்டையார்பேட்டையில். இந்த முறை ஏலத்தில் கூடாரத் துணி என்று நினைத்து எடுத்த குவியலுக்கு அடியில் வேறொன்று கிடைத்திருந்தது.

“இருட்டுல பாக்கற மிஷின்,” என்றார். “ஒரு வெளக்கு, ஒரு கொயா, ஒரு பேட்டரி. வெளக்க போட்டா எதிரில கீறவனுக்கு ஒண்ணுமே தெரியாது, கும்மிருட்டு. ஆனா கொயா வெச்சிகினு பாக்கறவனுக்குப் பட்டப்பகல்.”

“வெளக்கு எரியும், வெளிச்சம் தெரியாதா?”

“அதான் சமாச்சாரம். அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். நான் கேட்ட ஆபீசரு இங்கிலீஷ்ல ஒரு பேரு சொன்னாரு, ரோட்ட தாண்டறதுக்குள்ள மறந்துட்டேன்.”

ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது, கண்ணில் வைத்துப் பார்க்கும் குழாயை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு விளக்கைக் காட்டினார். லாரி முகப்பு விளக்கு அளவுக்கு இருந்தது. முன்பக்கம் கண்ணாடிக்குப் பதில் தார் பூசினதுபோல ஒரு கறுப்பு வில்லை. அதைத் தனியாகக் கழற்றலாம். கழற்றி அதன் வழியாக வானத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. சூரியன் பக்கம் திருப்பினேன். ஒரு கணம், காய்ந்துபோன குங்குமப் பொட்டு மாதிரி, இருண்ட சிவப்பில் ஒரு வட்டம் தெரிந்தது.

“பாய், சூரியன் செவப்பா தெரியுது.”

“சூரியன்னா தெரியாதா? ஒடைக்காம குடு.”

ராயபுரத்தில் நாங்கள் போன இடம் ஒரு முந்திரிக் கிடங்கு. கப்பலுக்குப் போக வேண்டிய முந்திரி டின்களைக் கூரை வரை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கிடங்கின் ஒரு கோடியில், மேலே, முதலாளி படுக்கும் அறை. அதில் கிடங்குக்குள் பார்க்கிற மாதிரி ஒரு ஜன்னல். டின்கள் குறைந்துகொண்டே போவதாக முதலாளிக்கு ஒரு சந்தேகம். ஜன்னலில் இந்த மிஷினை மாட்டிவிட்டால் கட்டிலில் படுத்தபடியே கிடங்கு முழுவதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று பாய் அவருக்குச் சொல்லியிருந்தார்.

பெட்டிகளை மேலே ஏற்ற எங்களுக்கு உதவியவர் கிடங்கு வாட்ச்மேன். ஐம்பது தாண்டியவர், காக்கிச் சட்டை, தலையில் துண்டு, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. ஹார்பரில் மூட்டை விழுந்ததில் ஒரு முட்டி சரியாக மடங்காது. பேட்டரி கனமாக இருந்தது. படியில் ஒரு காலை மட்டும் மடக்கி மடக்கி ஏறினார்.

“இன்னா மிஷின் நைனா இது?” என்றார் மூச்சு வாங்கியபடி.

சொன்னேன்.

“அதான் கேள்விப்பட்டேன். இத்த மாட்டிட்டா மொதலாளி மேல படுத்துகினே பாத்துக்குவாராம். வாட்ச்மேன் வேணாமாம். இந்த மாசத்தோட என் சீட்டு கியிஞ்சுது.”

“அப்பறம் ஏன் நீங்களே தூக்கிகினு போறீங்க?”

“தூக்கலன்னா இன்னிக்கே கியியும்.”

அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபம் எதுவும் இல்லை. அடுத்த படியில் நின்று, இந்த முட்டியை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கேட்டில் போய் நிற்பது என்று கேட்டார். கேள்வி எனக்கா பேட்டரிக்கா என்று தெரியவில்லை.

முதலாளி தெற்கத்திக்காரர். மெல்லிய ஜிப்பா, பெரிய உடம்பு. படி இறங்குவது அவருக்குப் பிடிக்காத வேலை என்பது பார்த்தாலே தெரிந்தது. “ராத்திரி வரை காத்திருக்க முடியாது, இப்பவே காட்டு,” என்றார். அதனால் வாட்ச்மேன் கிடங்குக் கதவுகளைச் சாத்தி, கீல் இடுக்கு, ஓட்டை எல்லாவற்றிலும் சாக்கைத் திணித்தார். தன் வேலையைப் பறிக்க வந்த மிஷினுக்காக இருட்டை அவ்வளவு ஒழுங்காகச் செய்தார். ஒரு ஊசி வெளிச்சம் இல்லை. பட்டப்பகலில் கிடங்குக்குள் நடுநிசி.

முதலில் என்னைத் திருடனாக அனுப்பினார்கள். நான் வெயிலிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்தவன். டின் அடுக்குகளைத் தடவிக்கொண்டு நடந்தேன். எனக்கு மேலே, கீழே, எதிரே எதுவும் தெரியவில்லை. மேலே கொசு ரீங்காரம்போல மிஷினின் சத்தம் மட்டும் கேட்டது.

“முதுகைச் சொறியறான்,” என்று முதலாளியின் குரல் கேட்டது. குழந்தைபோல இருந்தது குரல். “ஏய், நீ இப்ப டின்னை மோந்து பாக்கறே. பச்சைப் பச்சையா தெரியறான் பாய். பாசி படிஞ்ச குளத்துக்குள்ள நடக்கற மாதிரி இருக்கான்.”

“நான் சொன்னேன்ல மொதலாளி. தம்பி, உனக்கு மேல எதுனா தெரியுதா?”

“ஒண்ணும் தெரியல பாய்.”

“கேட்டுகினீங்களா.”

என்னை நிற்கச் சொல்லிவிட்டு, தூரத்துக் கோடியிலிருந்து வாட்ச்மேனை நடந்துவரச் சொன்னார்கள். சாக்குத் திணித்துக்கொண்டு அவ்வளவு நேரமும் உள்ளேயே இருந்தவர் அவர். ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் இழுவையாகவும் வரும் அவர் நடை கேட்டது. நடுவில் நின்றது. பிறகு துணி உரசும் சத்தம், முனகல், தரையில் ஒரு முட்டி படும் சத்தம்.

“யோவ், என்னய்யா செய்யறே?” என்றார் முதலாளி. “பாய், இவன் தலைத்துண்டை எடுத்துட்டு முட்டி போடறான். நெத்தியில, நெஞ்சுல எல்லாம் கை வெச்சுக்கறான். யாருக்கு என்ன ஆச்சு?”

இருட்டில் வாட்ச்மேன் கூச்சத்தோடு சொன்னார். “ஒண்ணுமில்ல மொதலாளி. ஒசரத்துல செவப்பா ஒரு வெளக்கு எரிஞ்சுது. கோயில்ல பீடத்தாண்ட, நற்கருணை பொட்டி பக்கத்துல எப்பவும் எரியும்ல, அந்த மாதிரி சின்னதா. சின்ன வயசு பயக்கம். காலு தானா மடங்கிச்சு.”

“செவப்பு விளக்கா? நான் விளக்குக்குப் பக்கத்துலயே நிக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“கியிஞ்சுது போ,” என்றார் பாய். “வெளக்கு கறுப்பு கண்ணாடி போட்டு மூடிகீது. எங்கேந்து செவப்பு வரும்?”

பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவதாக இறங்கி வெளியே போனார். டின் அடுக்குகள் மறைத்ததால் கதவு திறந்த வெளிச்சம் எங்கள் மேல் விழவில்லை. வெயிலில் நின்று துப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நேரே வாட்ச்மேன் நின்ற இடத்துக்கு வந்து மேலே பார்த்தார். மை இருட்டு என்று சத்தியம் செய்தார். நான் அறிந்தவரை அவர் பொய் சொல்லவில்லை.

முதலாளியின் குரல் மாறியது. “புரியுதுய்யா. மிஷின் வந்தா வேலை போயிடும்னு நாடகம் ஆடறே. இதுல சாமியை வேற இழுக்கறே. மாசக் கடைசி வரைக்கும்கூட வேண்டாம், சாயங்காலமே சாவியைக் குடுத்துட்டுப் போ.”

“வேலைக்கு வேணா நாடகம் ஆடுவேன் மொதலாளி,” என்றார் வாட்ச்மேன். “முட்டி போட்டு ஆடமாட்டேன். எய்ந்திருக்க எவ்ளோ பேஜாருன்னு எனக்குத்தான் தெரியும்.”

உண்மையாகவே அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிடலாம் என்று குரல் வந்த பக்கம் போனேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். மேலே, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ இழுத்துவிட்டு மறந்துபோன பீடியின் நுனிபோல ஒரு மங்கிய சிவப்பு. ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தேன். இல்லை. திரும்பி வந்தேன். இருந்தது. முந்தின நாள் வெயிலில் கறுப்பாகக் கிடந்த இரும்பு என் நினைவுக்கு வந்தது. கால்தான் முதலில் நினைத்தது.

“பாய், எனக்கும் தெரியுது,” என்றேன்.

“அடப்பாவி, நீ என் ஆளுடா.”

“ஆமா பாய். ஆனா தெரியுது. வெளக்குக்கு நேரா நின்னாத்தான் தெரியுது, பக்கத்துல போனா இல்ல. அதான் மேல கீறவங்களுக்குத் தெரியல. நீங்க வெயில்லேர்ந்து வந்தீங்க. கண்ணு கொஞ்சம் இருட்டுல ஊறணும்.”

“கண்ணு இன்னா கொண்டைக்கடலையா, ஊறறதுக்கு?”

முதலாளி வியாபாரி. பேச்சைவிடச் சோதனையை நம்புகிறவர். மேலிருந்து, “சத்தம் போடாதீங்க. நான் விளக்குக்கு முன்னால சாக்கைப் புடிப்பேன், எடுப்பேன். எப்ப எரியுது, எப்ப எரியலைன்னு வாட்ச்மேன் மட்டும் சொல்லட்டும்,” என்றார்.

வாட்ச்மேன் என் தோளை விடவில்லை. “எரியுது,” என்றார். “இப்ப இல்ல. இப்பவும் இல்ல. எரியுது.” முதலாளி ஏமாற்றிப் பார்த்தார். எடுத்ததுபோல ஜிப்பாவைச் சலசலக்கவிட்டு, சாக்கை எடுக்காமல் நின்றார். “இல்ல மொதலாளி, இன்னும் வெச்சிகினு கீறீங்க.” ஒவ்வொரு முறை எரிந்தபோதும் என் தோளில் அவர் எடை ஒரு நொடி கூடியது. வாய் சொல்வதற்கு முன் அந்தக் கெட்ட முட்டி வளையப் பார்த்தது. அதை அவர் அடக்கிக்கொண்டிருந்தார். அது முதலாளிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சாக்கைப் பிடிப்பதும் எடுப்பதுமாக இருந்தவர் குழாயில் கண் வைக்கவில்லை.

கடைசியில் முதலாளியே இறங்கி வந்தார். அது ஒரு பெரிய பயணம். ஒரு முந்திரி டின்மேல் உட்கார்ந்தார். பாய் இன்னொரு டின்மேல். எதுவும் தெரியவில்லை என்றார்கள் இருவரும். இருக்கட்டும், உட்காருங்கள் என்றேன். சும்மா இருட்டில் உட்காருவது முதலாளிக்குக் கஷ்டமாக இருந்தது. மருமகன் ஸ்கூட்டர் கேட்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். என்ன கலர் கேட்கிறான் தெரியுமா என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

“அட,” என்றார். “ஆமாய்யா. பீடி மாதிரி.”

“அல்லாவே,” என்றார் பாய். அவருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு வியாபாரம் திரும்பி வந்தது. “மொதலாளி, மிலிட்டரில எதிரி எங்கியோ தூரத்துல இருப்பான். அவன் கண்ணுக்கு இது வராது. உங்க எதிரி டின்னுக்குப் பக்கத்துல நிக்கறான். அது மிஷின் தப்பு இல்ல.”

“மிஷின் நல்ல மிஷின்தான் பாய். ஆனா இருட்டுல பீடி நெருப்பு தெரிஞ்சா திருடன் என்ன நினைப்பான்? வாட்ச்மேன் முழிச்சிருக்கான்னு நினைச்சு ஓடுவான். அதுக்கு என்கிட்ட வாட்ச்மேனே இருக்கானே. அவனுக்குப் பேட்டரி மாத்த வேண்டாம்.”

“நான் பீடி புடிக்கறதில்ல மொதலாளி,” என்றார் வாட்ச்மேன்.

“குடோனுக்குள்ள புடிச்சா உன்னைத் தொலைச்சிடுவேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்யா. சாவி உன்கிட்டயே இருக்கட்டும். சாயங்காலமே போன்னு சொன்னதை மறந்துடு.” எழுந்திருக்க அவர் கை நீட்டினார். முட்டி மடங்காத வாட்ச்மேனும் கால் வெந்த நானும் சேர்ந்து அவரைத் தூக்கினோம்.

கதவைத் திறந்ததும் வெயில் எங்கள் எல்லோருடைய கண்ணையும் குத்தியது. வாட்ச்மேன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, திணித்த சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். பேட்டரியைக் கீழே இறக்கும்போது, ஏற்றியதைவிடக் கனம் குறைந்திருக்கிறது என்றார். நான் தூக்கிப் பார்த்தேன். அதே கனம்தான்.

வந்த வழியே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். சாமான் விற்கவில்லை, அதனால் கொட்டகை வேலையும் இல்லை. நான் இவரையும் விட்டு நடக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ராயபுரம் ஸ்டேஷன் தாண்டி ஒரு கடையில் நிறுத்தி, சொன்னபடி குஸ்கா வாங்கிக் கொடுத்தார். தனக்கும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார்.

“மைசூர் பக்கம் காப்பித் தோட்டக்காரரு ஒருத்தரு பன்னி விரட்டறதுக்கு இத்த கேட்டுகினே கீறாரு,” என்றார் பாதிச் சாப்பாட்டில். “பன்னி முட்டி போடாதுல்ல?”

“போடாது பாய். ஆனா செவப்ப பாத்தா ஓடுமோ இன்னாவோ.”

“அதான் நானும் பாக்கறேன். கண்ணாடி மேல இன்னொரு கண்ணாடி வெச்சா செவப்பு போய்டுமா?”

“போனா போகலாம். கொயாவுக்கும் வெளிச்சம் கம்மியா போகும்.”

“அத்த யாராவது குந்திகினு பாக்கணும். நான் பாத்தா இருந்தாலும் இல்லன்னுதான் சொல்வேன். விக்கறவன் கண்ணு அது.” கையைக் கழுவிக்கொண்டார். “நீ எங்க படுக்கப் போற?”

அன்று அவர் கொட்டகையில், பூட்ஸ் குவியலுக்குப் பக்கத்தில் கூடாரத் துணி விரித்துப் படுத்தேன். ஜோடி இல்லாத பூட்ஸ்களில் கட்டோடு சேர்த்து என் வலது கால் நுழைகிற அளவுக்குப் பெரிதாக ஒன்று கிடைத்தது. யாரோ நல்ல உயரமான சிப்பாய். கையில் தூக்கிக்கொண்டு திரிந்த செருப்பை மூலையில் போட்டேன்.

காலையில் பாய் டீயும் பொறையும் வாங்கி வந்தார். ஒரு பையில் எங்கிருந்தோ தேடிப் பிடித்த கறுப்புக் கண்ணாடித் துண்டுகள். கொட்டகையின் பின்னறையில் ஜன்னலுக்குச் சாக்கு அடித்தார். ஒரு மூலையில் விளக்கை வைத்தார், எதிர் மூலையில் ஒரு பெட்டியைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். விளக்கின்மேல் முதல் துண்டை வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார். அடுத்த நிமிஷமே கதவைத் தட்டினார்.

“செவப்பு தெரியுதா?”

“கண்ணு இன்னும் ஊறல பாய்.”

“ஊறட்டும் ஊறட்டும். சம்பளமே அதுக்குத்தான்.”